மேற்கு மாம்பலத்துப் பழைய தனி வீட்டை இடிக்காமல் வைத்திருக்க

மேற்கு மாம்பலம், தியாகராய நகர், மந்தைவெளி, மயிலாப்பூர் போன்ற சென்னையின் உட்பகுதிகளில், தாத்தா காலத்தில் ஒரு கிரவுண்டு மனையில் கட்டிய தனி வீடு இன்னமும் சில குடும்பங்களின் கையில் இருக்கிறது. முன்பக்கம் கம்பியழி போட்ட திண்ணை, நடுவில் கூடம், பின்பக்கம் கிணறும் துளசி மாடமும், சுற்றுச்சுவரை ஒட்டி இரண்டு தென்னை மரங்கள் என்று பெரும்பாலும் ஒரே சாயலில் அமைந்த வீடுகள் இவை. சுவரில் ஓதம் ஏறி, மாடித் தளத்திலிருந்து ஓரிரு இடங்களில் காரை உதிரத் தொடங்கியதும், 'பில்டரிடம் கொடுத்துவிடலாம்' என்ற பேச்சு குடும்பத்தில் எழுகிறது. சில வீடுகளுக்கு அதுவே சரியான முடிவாகவும் இருக்கலாம். ஆனால் அந்த முடிவைப் பலர் உதிர்ந்த காரையைப் பார்த்து எடுக்கிறார்களே தவிர, அது ஏன் உதிர்ந்தது என்பதை ஆராய்ந்து எடுப்பதில்லை. இப்பகுதி வீடுகளின் நோய்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு மூலம், தண்ணீர் தவறான வழியில் உள்ளே வருவதும் சரியான வழியில் வெளியேறாததும்தான். எனவே இந்தக் கையேடு வீட்டைத் தண்ணீர் போகும் வழியிலேயே பார்த்துச் செல்கிறது. தெருவில் தொடங்கி, கிணறு, சுவர், மாடி என்று போய், பிறகு அக்கம்பக்கத்துக்கும் பத்திரத்துக்கும் வருகிறது.

நிலமும் தெருவும்

முதலில் மனையின் பூர்வீகத்தை அறிந்துகொள்ள வேண்டும். நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரியின் ஒரு பகுதியை வற்றச் செய்து, 1920களில் உருவாக்கப்பட்டதுதான் தியாகராய நகர். ரயில் பாதைக்கு மேற்கே உள்ள மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயரில் அந்த ஏரியின் நினைவு இன்றும் நிற்கிறது. ஏரி போன பிறகும் நிலத்தின் சரிவு போகவில்லை; மழை நீர் பழைய பள்ளத்தைத் தேடியே ஓடுகிறது. மாம்பலம் கால்வாய் நிரம்பினால் தியாகராய நகரின் உள் தெருக்களில் தண்ணீர் நிற்பதும், துரைசாமி சுரங்கப்பாதையும் அரங்கநாதன் சுரங்கப்பாதையும் பெருமழையில் மூழ்குவதும் இதனால்தான். ஏரிப்படுகையில் களிமண் அடுக்கு இருக்கும் இடங்களில் அம்மண் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும்; ஆழமில்லாத பழைய அடித்தளத்தின் மேல் நிற்கும் சுவர்களில் கோடைதோறும் ஒரே இடத்தில் விரிசல் திறந்து, மழைக்குப் பின் மெல்ல மூடிக்கொள்வது இதன் அடையாளம். அத்தகைய விரிசலை ஆண்டுதோறும் சிமென்ட் பூசி அடைப்பது வீண் செலவு. சுவரோரத்து மண்ணின் ஈரம் ஒரே சீராக இருக்கும்படி செய்வதே அதற்கு மருந்து. பெரிய மரம் எதையும் சுவருக்கு அருகில் புதிதாக நடாதிருப்பதும், கசியும் குழாய்களைச் சரிசெய்வதும் அதில் அடங்கும்.

அடுத்து மட்டம். கொத்தனார்கள் பயன்படுத்தும் ஒளிபுகும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பினால் போதும். வேறு கருவி தேவையில்லை. தெருவின் நடுப்பகுதியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வாசற்கதவின் அடி, திண்ணைத் தரை, கூடத்துத் தரை, கழிவுநீர்த் தொட்டியின் மூடி, சம்ப்பின் (தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியின்) வாய், கிணற்றுச் சுவரின் மேல் விளிம்பு, ஈ.பி. மீட்டர் பலகை ஆகியவை எத்தனை அங்குலம் மேலே அல்லது கீழே இருக்கின்றன என்று அளந்து எழுதுங்கள். 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதை எதிர்வீட்டு மூத்தவர்கள் சுவரைத் தொட்டே காட்டுவார்கள். அந்த உயரத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு பக்கக் குறிப்பு, வீட்டுக்கு எவ்வளவு செலவு செய்ய வேண்டும் என்பதைப் பாதிக்கு மேல் தீர்மானித்துவிடும். கூடத்துத் தரை வெள்ளக் குறிக்கு மேலே இருக்கும் வீட்டை எளிதில் காப்பாற்றலாம். கீழே இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

கட்டிய நாளில் தெருவைவிட இரண்டு, மூன்று படி உயர்ந்து நின்ற வீடுகள் இன்று தெருவுக்குக் கீழே போயிருப்பதற்குக் காரணம் வீடு இறங்கியது அன்று, தெரு ஏறியதுதான். பழைய தாரின் மேலேயே புதிய தாரைப் போட்டுக்கொண்டே வந்ததில் மட்டம் பல அங்குலம் உயர்ந்துவிட்டது. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். ஆகவே உங்கள் தெருவில் சாலைப் பணி தொடங்கும் நாளில், சுரண்டும் இயந்திரம் வந்ததா என்று பார்ப்பதும், வராவிட்டால் வேலை தொடங்கும் முன்பே தெருவார் நாலைந்து பேராகச் சேர்ந்து மண்டலப் பொறியாளரிடம் கேட்பதும் உங்கள் வீட்டுப் பராமரிப்பின் ஒரு பகுதி என்றே கொள்ளுங்கள். மாநகராட்சியின் 1913 என்ற எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அதன் எண்ணையும் குறித்து வைத்திருப்பது பேச்சுக்குப் பலம் சேர்க்கும். தார் இறுகிய பிறகு செய்யக்கூடியது எதுவும் இல்லை.

தரை தாழ்ந்துவிட்ட வீட்டுக்கு வழிகள் மூன்று. வாசலில் வண்டி ஏறி இறங்கும்படி சரிவான மேடு ஒன்று அமைத்து, சுற்றுச்சுவரின் அடிப்பகுதியை நீர் புகாதவாறு பூசுவது முதலாவது, மற்றவற்றைவிட மலிவானது. உள்தரையை மண் நிரப்பி உயர்த்துவது இரண்டாவது. கூரை 11, 12 அடி உயரத்தில் இருக்கும் பழைய வீடுகளுக்கு இது ஏற்றது என்றாலும், கதவு நிலைகளையும் கழிப்பறைகளையும் சேர்த்தே உயர்த்த வேண்டியிருக்கும். மூன்றாவது, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. சென்னையில் இதைப் பலர் செய்திருக்கிறார்கள். ஆனால் சுண்ணாம்புக் கலவையில் கட்டி, அடியில் சுவர்களைச் சுற்றிப் பிணைக்கும் கான்கிரீட் பெல்ட் இல்லாத வீட்டுக்கு இதைச் செய்வதை, அந்த வேலையை எடுக்கும் நிறுவனத்தோடு தொடர்பில்லாத கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுத்தில் ஒப்புக்கொண்டாலன்றி நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எந்த வழியைத் தேர்ந்தாலும், வாசலில் தடுத்த தண்ணீர் கழிப்பறை வழியாக உள்ளே வரும் என்பதை மறக்கலாகாது. தெருவின் கழிவுநீர்க் குழாய் நிரம்பும்போது அதிலுள்ள நீர் உங்கள் வீட்டின் மிகத் தாழ்ந்த துவாரத்தின் வழியே, அதாவது குளியலறைத் தரையிலோ கீழ்த்தளக் கழிப்பறையிலோ பொங்கும். வீட்டின் கடைசிக் கழிவுநீர்த் தொட்டிக்கும் தெருக் குழாய்க்கும் இடையில், நீரை வெளியே மட்டும் போகவிடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்றைப் பொருத்தி, அதைப் பருவமழைக்கு முன் ஆண்டுதோறும் திறந்து சுத்தம் செய்ய வேண்டும். சம்ப்பின் வாயைக் குறைந்தபட்சம் வெள்ளக் குறிக்கு ஓர் அடி மேலே கட்டி உயர்த்துங்கள். அதைச் செய்யாத வீடுகளில் வெள்ளம் வடிந்த பிறகும் பல நாள் குடிநீர் இல்லாமல் போகிறது. மீட்டர் பலகையையும் மோட்டாரையும் மேலே மாற்றுவதும் இதே பட்டியலைச் சேர்ந்ததுதான்; மீட்டரை நீங்களாக நகர்த்தக் கூடாது, மின்வாரியத்தில் விண்ணப்பித்தே மாற்ற வேண்டும்.

கிணறும் மழைநீரும்

பழைய மனையின் மிகப் பெரிய சொத்து கிணறு என்பது என் கருத்து. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று அதை மூடிவிட்ட குடும்பங்கள், 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய ஏரிகள் வற்றியபோது லாரித் தண்ணீருக்குக் காத்து நின்றன. தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமாக்கப்பட்டது. அப்போது அவசரமாக அமைத்த குழாய்கள் பல இன்று ஜல்லி அடைத்து, எந்த வேலையும் செய்யாமல் சுவரோரம் நிற்கின்றன. முதல் வேலையாக அவற்றின் கீழ்முனை எங்கே போய்ச் சேர்கிறது என்று தோண்டிப் பாருங்கள். சில வீடுகளில் அது கழிவுநீர்த் தொட்டியில் முடியும். அது தவறு, மழை நாளில் கழிவுநீர் பொங்குவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கணக்கு இப்படி: 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிடைப்பது ஏறத்தாழ 930 லிட்டர். சென்னையின் ஆண்டு மழை சராசரியாக 140 சென்டிமீட்டர் அளவில் இருப்பதால், ஆண்டுக்கு 1,30,000 லிட்டர் அந்த மாடியில் விழுகிறது. ஐந்தில் ஒரு பங்கு ஆவியாகவும் வழிந்தும் போனால்கூட, 9,000 லிட்டர் லாரியாகக் கணக்கிட்டால் 11 லாரிக்கு மேல் மிஞ்சும். இதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையாக வருவதால், எல்லாவற்றையும் தொட்டியில் சேமிப்பது நடவாத காரியம். கிணற்றின் வழியாக நிலத்துக்குள் விடுவதே பொருந்தும்.

அதற்கு மாடிக் குழாய்களை ஒன்றிணைத்து, கிணற்றுக்கு அருகில் இரண்டடி நீள அகலமுள்ள வடிகட்டும் தொட்டி ஒன்றைக் கட்டி, அடியில் கூழாங்கல், நடுவில் சிறு ஜல்லி, மேலே ஆற்று மணல் என்று நிரப்பி, அங்கிருந்து ஒரு குழாயைக் கிணற்றுச் சுவரின் வழியே உள்ளே விடுங்கள். பருவத்தின் முதல் இரண்டு மழைகளின் நீரைக் கிணற்றுக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு வால்வு அவசியம். கோடை முழுவதும் மாடியில் சேர்ந்த தூசியும் பறவை எச்சமும் அந்த நீரில்தான் வரும். மேல் மணலை ஆண்டுக்கு ஒரு முறை அள்ளிக் கழுவிப் போட வேண்டும். கிணற்றைத் தூர் வாருவதற்குப் பழக்கமுள்ளவர்களை மட்டுமே அழையுங்கள். பல ஆண்டுகள் மூடியே கிடந்த கிணற்றில் காற்று கெட்டிருக்கும். ஒரு நாளாவது திறந்து வைத்து, உள்ளே காற்றை ஊதிச் செலுத்திய பிறகே, இடுப்பில் கயிறு கட்டிய நிலையில் ஆள் இறங்க வேண்டும். இதில் எந்தச் சமரசமும் கூடாது.

சுவர்

ஓதம் கீழிருந்து ஏறுகிறதா, மேலிருந்து இறங்குகிறதா, பக்கத்திலிருந்து புகுகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தரையிலிருந்து இரண்டு, மூன்றடி உயரத்துக்கு நீளவாக்கில் ஒரே கோடாக உப்புப் பூத்திருந்தால் அது நிலத்திலிருந்து ஏறுவது. கூரையை ஒட்டி வட்ட வட்டமாகக் கறை இருந்தால் மாடியிலிருந்து இறங்குவது. குளியலறைக்கு மறுபக்கச் சுவரில் மட்டும் இருந்தால் குழாய்க் கசிவு. இந்த மூன்றுக்கும் ஒரே மருந்தாக 'வாட்டர் புரூஃப்' பெயிண்டை விற்பவர்களிடமிருந்து உங்கள் பணத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முற்பட்ட சுவர்கள் பலவற்றில் செங்கல்லைப் பிணைத்திருப்பது சுண்ணாம்புக் கலவை. அது ஈரத்தை இழுத்து, வெயிலில் வெளியே விட்டுவிடும் இயல்புடையது. அதன் மேல் சிமென்ட் பூச்சையோ, மூன்றடி உயரத்துக்கு டைல்ஸையோ பதித்தால், வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் மேலே ஏறி, டைல்ஸுக்கு மேலுள்ள சுவரை அரிக்கத் தொடங்கும். மாம்பலத்து வீடுகளில் நான்கடி உயரத்தில் ஓதக் கோடு தெரிவதற்கு இந்தத் 'திருத்த வேலை' பல சமயம் காரணமாக இருக்கிறது. சரியான முறை, ஓதக் கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தபடி காய விட்டு, பிறகு சுண்ணாம்புப் பூச்சையே மீண்டும் பூசுவது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது இன்று எளிதன்று. பழைய கோயில் திருப்பணிகளில் வேலை செய்தவர்களை விசாரித்தால் கிடைப்பார்கள். கூலி கூடுதலாகத்தான் இருக்கும்.

சுவருக்கு வெளிப்பக்கத்தையும் பாருங்கள். சுவரை ஒட்டிப் பூந்தொட்டி வரிசையோ பாத்தியோ இருந்தால் அப்புறப்படுத்துங்கள். வெளித்தரை, வீட்டின் அடித்தள மேடையின் மட்டத்துக்கு மேலே ஏறியிருந்தால் அதைத் தோண்டித் தாழ்த்தி, சுவரோரம் ஓரடி அகலத்துக்கு ஜல்லி நிரப்பிவிட்டால், அந்த ஒரு மாற்றத்திலேயே உள்சுவரின் ஈரம் கணிசமாகக் குறையும். மனை முழுவதையும் சிமென்ட் போட்டு மூடுவது துப்புரவுக்கு வசதி. நிலத்துக்கும் கிணற்றுக்கும் கேடு.

விரிசல்களில் பூச்சு மட்டும் வெடித்த மயிரிழைக் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்தால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போதோ, விரிசல் 5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ, கொத்தனாரிடம் கேட்காமல் கட்டமைப்புப் பொறியாளரிடம் கேளுங்கள்.

மாடித் தளம்

இப்பகுதியில் கூரை இரண்டு வகை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையில் பிணைத்த மெட்ராஸ் டெரஸ் ஒன்று. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் மற்றொன்று. மெட்ராஸ் டெரஸில் பார்க்க வேண்டியது உத்தரத்தின் நடுப்பகுதியை அன்று, சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் இரு முனைகளை. அங்கேதான் ஈரம் தங்கி மரம் மட்கும். கூர்மையான ஸ்க்ரூ டிரைவரால் முனையருகே அழுத்திப் பாருங்கள். தேக்கு நன்றாக இருந்தால் ஸ்க்ரூ டிரைவர் உள்ளே இறங்காது. ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் நூல் கட்டினால் தொய்வும் தெரிந்துவிடும். ஓரிரு உத்தரங்கள் மட்டும் கெட்டிருந்தால் அவற்றின் பக்கத்தில் இரும்பு கர்டர் கொடுத்துத் தாங்கச் செய்யலாம். அதற்காகக் கூரை முழுவதையும் பிரிக்கத் தேவையில்லை.

கான்கிரீட் தளத்தில் கம்பி துருப்பிடிப்பதே நோய். துரு, தான் தோன்றிய இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளி உதிர்க்கிறது. ஒரு சிறு சுத்தியலால் கூரையின் அடிப்புறத்தைத் தட்டிக்கொண்டே போனால், உள்ளே பிரிந்துவிட்ட இடங்களில் வெற்றொலி கேட்கும். அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டு, மொத்தப் பரப்பில் எவ்வளவு என்று பாருங்கள். சில இடங்களில் மட்டும் என்றால், பிரிந்த கான்கிரீட்டைக் கொத்தி எடுத்து, கம்பியைப் பின்புறம் வரை துரு நீக்கித் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சுக் கொடுத்து, பாலிமர் சேர்த்த கலவையால் நிரப்பலாம். துருவின் மேலேயே சிமென்டை அப்பினால் இரண்டு பருவமழைக்குள் அது முன்னைவிடப் பெரிய துண்டாக விழும். பரப்பில் பெரும்பகுதி வெற்றொலி எழுப்பினாலோ கம்பியின் கனம் நன்றாகத் தேய்ந்திருந்தாலோ, பொறியாளர் வந்து பார்க்கும் வரை அந்த அறையில் யாரும் படுக்க வேண்டாம்.

கீழே எவ்வளவு செய்தாலும் மேலே ஒழுகினால் பயனில்லை. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்த பழைய மேல்தளம் சென்னை வெயிலுக்கு மிகவும் ஏற்றது. அதைப் பழுது பார்த்தே வைத்திருங்கள். ஓடுகளின் இடுக்குகளைத் திறந்து மீண்டும் அடைப்பதும், தண்ணீர் தேங்கும் இடத்தில் வாட்டத்தைச் சரிசெய்வதும் பெரும்பாலும் போதும். அதைவிட்டு, பழைய தளத்தின் மேல் இன்னொரு தளம் போடும் யோசனையை ஏற்காதீர்கள்: 1,000 சதுர அடியில் இரண்டு அங்குல கனத்துக்குச் சிமென்ட் கலவை போட்டால் கூரையின் மேல் சுமார் 9 டன் பாரம் கூடுகிறது. கைப்பிடிச்சுவரின் இடுக்கில் முளைக்கும் அரசங்கன்றை இரண்டு இலை பருவத்திலேயே வேரோடு எடுத்துவிட வேண்டும். அது மரமாகும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு வெட்டலாமா கூடாதா என்று ஜோசியரைக் கேட்கும் வீடுகளும் உண்டு. அதற்குள் சுவர் பிளந்திருக்கும்.

ரெட் ஆக்சைடு தரை, தேக்குக் கதவுகள் ஆகியவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கை வைக்காமல் இருந்தாலே அவை நன்றாக இருக்கும். மின்கம்பிகள் அப்படியல்ல. மரச்சட்டத்துக்குள் ஓடும் பழைய ஒயரிங் இருந்தால், ஏ.சி. பொருத்தும் முன் முழுவதையும் மாற்றி, புதிய இயர்த் குழியும் மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் அமைத்துவிடுங்கள். ஓதச் சுவரும் இயர்த் இல்லாத சுவிட்சும் ஒரே வீட்டில் இருப்பது உயிருக்கு ஆபத்து.

அக்கம்பக்கம்

உங்கள் வீட்டை நீங்கள் இடிக்காவிட்டாலும் பக்கத்து வீடு இடிபடும். அங்கே அஸ்திவாரத்துக்குத் தோண்டத் தொடங்கும் முன், உங்கள் பக்கச் சுவர்கள், சுற்றுச்சுவர், கிணறு, தரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமெடுத்து, ஒரு பிரதியைக் கட்டுநருக்கு சேர்ந்ததற்கான ஒப்புகையோடு கூடிய ஸ்பீட் போஸ்டில் அனுப்பி வையுங்கள். பின்னால் விரிசல் வந்தால் 'அது முன்பே இருந்தது' என்ற வாதத்துக்கு இடமிருக்காது. எல்லைச் சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டினால், பக்கச்சரிவைத் தாங்கும் ஏற்பாடு என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இரவு பகலாக நிலத்தடி நீரை இறைத்தால் உங்கள் கிணற்று மட்டத்தை நாள்தோறும் குறித்துக்கொள்ளுங்கள். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டச் சுரங்கப் பாதைகள் பனகல் பூங்கா, மயிலாப்பூர், மந்தைவெளி வழியாகச் செல்வதால், அவற்றையொட்டிய தெருக்களில் வசிப்போருக்கும் இதே படப்பதிவு பயன்படும்.

சாலையோர மரங்கள் நிழலோடு ஆபத்தையும் தருபவை. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் நகரமெங்கும் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள், வீட்டின் மேல் சாய்ந்திருக்கும் கிளையை அலட்சியமாக விடமாட்டார்கள். தெருவிலுள்ள மரத்தை நீங்களே வெட்டக் கூடாது. கிளை கழிக்க மாநகராட்சியின் பூங்காத் துறையிடம் செப்டம்பருக்குள் விண்ணப்பியுங்கள். அடிமரத்தைச் சுற்றிச் சிமென்ட் போட்டு இறுக்கியிருந்தால் அதை உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். வேர் பிடிப்பில்லாத மரமே முதலில் சாய்கிறது. வீட்டு வாசலிலுள்ள மழைநீர் வடிகாலின் வாயில் தென்னை மட்டையும் பிளாஸ்டிக்கும் அடைத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

பத்திரம்

கட்டடத்தைச் செப்பனிட யார் பணம் போடுவது என்ற கேள்வி எழும்போதுதான் வீடு யாருடையது என்ற கேள்வி எழுகிறது. மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், பட்டா, சொத்து வரி ரசீது ஆகியவற்றை ஒன்றாக வைத்து ஒப்பிடுங்கள். சென்னையில் கதவு எண் பழையது, புதியது என்று இரண்டாக இருப்பதாலும், தெருப் பெயர்களே மாறியிருப்பதாலும், எண்ணை நம்பாமல் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியையும் அளவுகளையும் கொண்டே மனையை அடையாளம் காண வேண்டும். கணினியில் கிடைக்காத பழைய காலத்துக்குரிய வில்லங்கச் சான்றைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனியே விண்ணப்பித்துப் பெறுங்கள். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற கோயில் சார்ந்த பகுதிகளில், மனை கோயிலுக்கும் கட்டடம் மட்டும் குடும்பத்துக்கும் உரியதாக இருப்பது அரிதன்று. அப்படியானால் இந்து சமய அறநிலையத் துறையின் அனுமதியின்றி மனையை விற்கவோ பங்கிடவோ முடியாது.

உயில் எழுதாமல் தந்தை இறந்திருந்தால், இந்துக் குடும்பத்தில் அவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டில் மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் அவருடைய தாய்க்கும் சம பங்கு உண்டு. தந்தை இறந்த நாளில் பாட்டி உயிருடன் இருந்தாரா என்பதைக் குடும்பங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இருந்திருந்தால், அவரது பங்கு அவர் இறந்தபோது அவருடைய எல்லாப் பிள்ளைகளுக்கும், அதாவது உங்கள் அத்தைக்கும் சித்தப்பாவுக்கும்கூடப் போயிருக்கும். அவர்கள் கையெழுத்தில்லாமல் எழுதும் பத்திரம் முழுமையானதன்று. பரம்பரைச் சொத்தாக இருந்தால், மகள்களுக்குச் சம உரிமை தரும் தமிழ்நாட்டின் 1989ஆம் ஆண்டுத் திருத்தமும், 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும், தந்தை 2005இல் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் அளித்த தீர்ப்பும் பொருந்தும். கிறித்தவ, இசுலாமியக் குடும்பங்களுக்குரிய வாரிசுச் சட்டம் வேறு. எந்தக் குடும்பமானாலும், வட்டாட்சியரிடம் வாரிசுச் சான்று பெற்றுவிட்டு ஒரு வழக்கறிஞரோடு அமர்ந்து பங்குகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டை ஒருவர் வைத்துக்கொள்ள மற்றவர்கள் இசைந்தால், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ, பங்கை அவருக்கு எழுதித் தரும் செட்டில்மென்டோ எழுதலாம். குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் இத்தகைய பத்திரங்களுக்கு 2023 ஜூலை முதல் முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாயும் பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாயும் உச்சவரம்பாக உள்ளன. மாம்பலத்து மனை மதிப்போடு ஒப்பிட்டால் இது சிறு தொகை. பங்கைப் பிரிக்காமல் எல்லாரும் சேர்ந்தே வைத்திருப்பதென்றால், கூட்டுப் பட்டாவுக்கு விண்ணப்பித்து, பராமரிப்புக்கென்று தனி வங்கிக் கணக்கைத் தொடங்கி, ஆண்டுக்கு யார் எவ்வளவு போடுவது, வீட்டில் குடியிருப்பவருக்கு அதில் சலுகை உண்டா, எந்தத் தொகைக்கு மேற்பட்ட செலவுக்கு எல்லாருடைய ஒப்புதலும் வேண்டும் என்பதை எழுதிக் கையெழுத்திடுங்கள். அண்ணன் தம்பிக்குள் எழுத்து எதற்கு என்று நினைக்கும் தலைமுறை சேர்த்து வைத்த வழக்குகள்தான் நகர உரிமையியல் நீதிமன்றத்தில் இன்றும் நடக்கின்றன.

கட்டுநர் ஒருவரிடம் பேச வேண்டிய நிலை வந்தாலும் இவ்வளவு வேலையும் பயன்படும். 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகளின்படி தளப் பரப்புக் குறியீடு, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, பொதுவாக 2 என்பதால், ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், அடிப்படையாக 4,800 சதுர அடி கட்டலாம். அதில் உங்கள் பங்கு எவ்வளவு, வாடகைக்கு எத்தனை மாதம் பணம் தருவார், கிணறு நிற்குமா என்பவற்றை, அவசரமில்லாத, ஒழுகாத வீட்டில் உட்கார்ந்து பேசுபவருக்குக் கிடைக்கும் நிபந்தனைகளே வேறு.

பிள்ளைகள் வெளிநாட்டில் இருந்து வீடு பூட்டியே கிடக்கும் குடும்பங்கள், நம்பகமான ஒருவரிடம் சாவியைக் கொடுத்து, செப்டம்பர் கடைசியில் மாடிக் குழாய்களின் வாய், கழிவுநீர் வால்வு, வடிகட்டித் தொட்டி, தெரு வடிகால் ஆகிய நான்கையும் பார்த்துப் படம் அனுப்பச் சொல்ல வேண்டும். பருவத்தின் முதல் கனமழை பெய்த மறுநாள் காலையில் அவர் இன்னொரு முறை உள்ளே சென்று, எல்லா அறைகளிலும் விளக்கைப் போட்டு, கூரையின் அடிப்புறத்தைப் படமெடுத்து அனுப்பட்டும்.